நிற்காத வைப்பர்

2014ஆம் ஆண்டு ஜூன் ஒன்பதாம் நாள், திங்கட்கிழமை. மத்தன்சாஸ் நகரின் விரிகுடா காலையிலிருந்து எண்ணெய் தடவியதுபோல் அசையாமல் கிடந்தது. காற்று இல்லை. பதினொரு மணிக்கே யுமுரிப் பள்ளத்தாக்கின்மேல் கருமேகம் ஏறத் தொடங்கிவிட்டது. மழை பிற்பகல் இரண்டு மணிக்கு வரும் என்பதில் வெர்சாயெஸ் பேட்டையில் யாருக்கும் ஐயம் இல்லை. மே மாத நடுவிலிருந்து அது நாள்தோறும் அந்த நேரத்துக்கே வந்துகொண்டிருந்தது.

ஒரு துளியும் விழாத அந்தப் பதினொரு மணிக்கு, மெல்பா ஒக்கெந்தோவின் வீட்டு வாசலில் வெளிர்நீல நிற ஹில்மன் வண்டி ஒன்று வந்து நின்றது. அதன் வைப்பர்கள் இரண்டும் உலர்ந்த கண்ணாடியைக் கரகரவென்று தேய்த்துக்கொண்டிருந்தன.

மெல்பாவின் கணவர் எவேலியோ சன்னல் கம்பிகளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தார்.

"ஏண்டா நிவால்தோ, கார்தெனாஸ்ல மழையா? இல்ல, உன் தலைமேல மட்டும் பெய்யுதா?"

"சிரிங்கண்ணே, நல்லா சிரிங்க. ரெண்டு வாரமா ரோட்ல போறவன் எல்லாம் சிரிச்சிட்டான், நீங்க ஒருத்தர்தான் பாக்கி. அக்கா இருக்காங்களா?"

நிவால்தோ சாவியைத் திருப்பி எடுத்த பிறகே வைப்பர்கள் நின்றன, கண்ணாடியின் நட்டநடுவில், இரு கைகளையும் தூக்கியபடி.

முப்பத்து நான்கு வயதான நிவால்தோ, மத்தன்சாஸுக்கும் கார்தெனாஸுக்கும் இடையே ஆள் ஏற்றி ஓட்டிப் பிழைப்பவன். மறுநாள் காலை ஏழரை மணிக்கு அவனுடைய வண்டிக்குச் சோதனை. ஊரார் 'சொமத்தோன்' என்று அழைக்கும் அந்த ஆண்டுச் சோதனையில் விளக்கு, பிரேக், ஹார்ன், வைப்பர் எல்லாம் போட்டால் ஓட வேண்டும், நிறுத்தினால் நிற்க வேண்டும். தேறாவிட்டால் வாடகைக்கு ஓட்டும் உரிமம் முடங்கிவிடும். அடுத்த முறை செப்டம்பரில்தான் வரும். மூன்று மாதம் வண்டியும் சும்மா நிற்க வேண்டும், அவனும் சும்மா நிற்க வேண்டும்.

"அது மட்டும் இல்லக்கா," என்றான், மெல்பா கைகளைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்ததும். "நாளைக்குச் சோதனை பண்றது ரெம்பெர்த்தோ. போன ஆகஸ்ட்ல ஒரு டாட்ஜ் வண்டி வயர் சூடாகி எரிஞ்சுதே, அதுலேருந்து அந்த ஆளு மாறிட்டான். வயர்ல கை வெச்சவங்க நேர்ல வந்து கையெழுத்துப் போடணுமாம். யாரு செஞ்சதுன்னு தெரியாத வேலை ஒண்ணு கண்ணுல பட்டாலும் வண்டியைத் திருப்பி அனுப்பிடுறான்."

"இதுல யாரு கை வெச்சது?"

"யாருக்குத் தெரியும்? ரெண்டு வருஷம் முன்னால ஒரு பல் டாக்டர்கிட்ட வாங்கினேன். அவர் இப்ப கடலுக்கு அந்தப் பக்கம் தாம்பாவுல பல்லு புடுங்கிட்டு இருக்காரு. யாரு வயர் போட்டாங்கன்னு போன் பண்ணிக் கேட்டேன். 'வண்டியோடயே வந்தது'ன்னாரு. மனுஷன் எத்தனை பல்லு புடுங்கினாரோ, ஒரு உண்மையைப் புடுங்க முடியல!"

"சுவிட்ச மாத்தினியா?"

"ரெண்டு தடவை. முதல்ல ஒரு மாஸ்க்விச் கார் சுவிட்சு. அப்புறம் போலந்து ஃபியட் சுவிட்சு. ரெண்டும் ஒண்ணுதான். சாவி போட்டா ஓடுது, எடுத்தா நிக்குது. சுவிட்சு சும்மா அழகுக்கு."

மெல்பா வண்டியை ஒரு முறை சுற்றி வந்தார். ஆங்கிலேயர் செய்த உடம்பு. உருசிய ஜீப்பின் எந்திரம். பின்னிருக்கை ஏதோ ஒரு பேருந்தினுடையது. வைப்பர் மோட்டார் ஒரு லாடா காரிலிருந்து வந்தது. இந்த ஊரில் ஐம்பதுகளின் வண்டி எதுவும் பிறந்த மேனியோடு இல்லை. ஆகையால் எந்த வண்டிக்கும் வரைபடம் கிடையாது. யாராவது ஒரு வரைபடத்தை நீட்டினால், அது வேறொரு வண்டியின் வரைபடம் என்று மெல்பா எடுத்துக்கொள்வார்.

மெல்பாவுக்கு அப்போது ஐம்பத்தேழு வயது. தொழிற்பயிலகத்தில் மின்னியல் படித்து, இருபத்தோராம் வயதில் நகரத் தொலைபேசி நிலையத்தில் சேர்ந்தார். இரும்பு அலமாரிகளில் அடுக்கியிருந்த ஆயிரக்கணக்கான இணைப்புகளுள் எது பேச மறுக்கிறது என்று கண்டறிவது அவருடைய வேலை. அங்கே வயர்களைக் கத்தையாகச் சேர்த்து, மெழுகு பூசிய நூலால் இரண்டு விரற்கடைக்கு ஒரு முடிச்சு வீதம் கட்டுவார்கள். இருபத்தோராண்டுகள் அவர் அந்த முடிச்சைப் போட்டார். 1999இல் கணினி பொருத்திய புதிய நிலையம் வந்தது. அலமாரிகள் பழைய இரும்புக்குப் போயின. மேசை வேலை தருவதாகச் சொன்னார்கள். இரண்டு நாள் உட்கார்ந்து பார்த்தார். மூன்றாம் நாள் விடைபெற்றுக்கொண்டு, ஒரு பெரிய சுருள் மெழுகுநூலோடும் சில கட்டுத் தொலைபேசி வயரோடும் வீடு வந்து சேர்ந்தார். அவற்றை அவர்களாகக் கொடுத்தார்களா, இவராக எடுத்துக்கொண்டாரா என்பதை எவேலியோ இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்.

முதல் ஆண்டில் வாசலில் வண்டியை நிறுத்திய ஆண்கள் எல்லாரும் ஒரே கேள்வியைக் கேட்டார்கள்: "உங்க வீட்டுக்காரர் எங்கம்மா?" மெல்பாவின் மறுமொழியும் ஒன்றே: "உள்ள அரிசியில கல்லு பொறுக்கிட்டு இருக்காரு. கூப்பிடட்டுமா?" இரண்டாம் ஆண்டில் அந்தக் கேள்வி நின்றுவிட்டது. புவெப்லோ நுவெவோ பேட்டையில் அன்செல்மோ என்றொரு கைதேர்ந்த மின்பணியாளர் இருந்தார். அவர் மட்டும் கடைசி வரை மெல்பாவைச் சீண்டிக்கொண்டிருந்தார். மெழுகுநூல் கட்டிய வயரைப் பார்த்தாலே, "என்ன மெல்பா, வயரா, சாசேஜா?" என்பார். கடினமான பழுது வந்தால் தம்மிடம் வந்தவர்களை மெல்பாவிடம் அனுப்பியவரும் அவரே. சென்ற நவம்பரில் இறந்துபோனார்.

மெல்பாவுக்கு ஒரே ஒரு பெருமை இருந்தது. "என் கை பட்ட வயர் திரும்பி வராது" என்று அவர் சொல்லுவார். உண்மையில் ஒரு முறை திரும்பி வந்திருந்தது. 2008இல் ஒரு பான்டியாக் வண்டி வந்தபோது, தாம் முன்பு என்ன செய்தோம் என்பது தமக்கே நினைவில்லாமல் அரை நாளை வீணாக்கினார். அன்றுமுதல், வேலை முடிந்ததும் டேஷ்போர்டுப் பெட்டியின் மூடிக்கு உட்புறத்தில் தேதியையும் செய்த வேலையையும் பென்சிலால் எழுதிவைப்பதை வழக்கமாக்கிக்கொண்டார். நிவால்தோவின் வண்டியில் அந்த மூடியை முதலில் திறந்து பார்த்தார். வெறுமையாக இருந்தது.

பணியை அவர் வழக்கமான வரிசையில் தொடங்கினார். டெஸ்ட் லாம்பின் கவ்வியை வண்டியின் பாடியில் மாட்டி, சாவியைப் போடச் சொன்னார். வைப்பர்கள் கரகரத்தன. லாம்பின் முனையைச் சுவிட்சின் ஒரு காலில் வைத்தார், எரியவில்லை. மறு காலில் வைத்தார், எரியவில்லை.

"பாத்தீங்களா? சுவிட்சுக்குக் கரண்டே வரல," என்றான் நிவால்தோ. "அதான் நானும் சுவிட்ச மாத்தினேன்."

"கரண்டு வராத சுவிட்ச மாத்தினா கரண்டு வந்துடுமாடா?"

"ஒரு நம்பிக்கைதான்."

மெல்பா இரண்டு வயர்களையும் சுவிட்சிலிருந்து கழற்றித் தொங்கவிட்டார். வைப்பர்கள் ஓடிக்கொண்டே இருந்தன. அவர் லாம்பின் கவ்வியைப் பாடியிலிருந்து எடுத்து, பேட்டரியின் நேர்முனையில் மாட்டினார். இப்போது தொங்கும் வயர்களைத் தொட்டார். ஒன்றில் லாம்பு எரிந்தது. மற்றதிலும் எரிந்தது.

"ஐயய்யோ, ரெண்டுலயும் கரண்டு!"

"கரண்டு இல்ல, எர்த்து. ரெண்டு வயரும் பாடியைத் தொடுது. ஒண்ணு தொடணும், அது சுவிட்சுலேருந்து பாடிக்குப் போறது. இன்னொண்ணு மோட்டார்லேருந்து வர்றது. அது தொடக் கூடாது, ஆனா தொடுது." பக்கத்திலிருந்த தண்ணீர்க் குழாயைக் காட்டினார். "உன் வீட்டுல குழாயைத் தண்ணி வர்ற பக்கம் மூடுவ. இந்த வண்டியில வர்ற பக்கம் எப்பவும் தொறந்தே இருக்கு. தண்ணி வெளியேறுற பக்கத்துலதான் மூடி வெச்சிருக்காங்க. பழைய இங்கிலீஷ் வண்டிங்க அப்படித்தான். சாவி போட்டதும் மோட்டாருக்குக் கரண்டு நேரா போயிடும். அது திரும்பிப் பாடிக்கு வர்ற வழியிலதான் சுவிட்சு. வழியில எங்கயாவது பாடியைத் தொட்டுட்டா, சுவிட்சைக் கேக்காமலே மோட்டார் ஓடும்."

"அப்ப எங்க தொடுது?"

"அதைத்தான் தேடணும். எவேலியோ! காப்பி வருமா வராதா?"

"வரும், வரும். இந்த மாசம் காப்பித்தூள்ல பாதி பட்டாணி. வடிய மாட்டேங்குது," என்று உள்ளிருந்து குரல் வந்தது.

மெல்பா பானெட்டைத் திறந்து, மோட்டாரின் முனையில் அந்தத் திரும்பு வயரைக் கழற்றினார். உள்ளே தொங்கிய வயரில் லாம்பு அணைந்தது. ஆக, வயரில் குற்றமில்லை. மோட்டாரின் உடம்பே பாடியைத் தொடுகிறது. லாடா மோட்டார் தன் உடம்பு வழியாகவே எர்த்து எடுப்பது. அதை ஆங்கிலேய வண்டியின் பழைய சுவிட்சுக்கு அடங்கவைக்க, எவரோ அதைப் பாடியில் படாமல் ரப்பர் மேல் உட்காரவைத்திருந்தார். மூன்று போல்ட்டுகளுக்கும் சைக்கிள் டியூபில் வெட்டிய ரப்பர் வாஷர்கள். இரண்டு நன்றாக இருந்தன. எந்திரச் சூட்டுக்குப் பக்கத்தில் இருந்த மூன்றாவது வெடித்துத் தூளாகி, போல்ட் இரும்போடு இரும்பாக உட்கார்ந்திருந்தது.

"மோட்டாருக்கு மெத்தை போட்டுப் படுக்க வெச்சிருக்கான்!" நிவால்தோ தலையில் அடித்துக்கொண்டான். "எவன்க்கா இந்த முட்டாள்? மூளையை வீட்டுல வெச்சுட்டு வந்திருக்கான் பாருங்க. பார்பர் ஷாப்புல வேலை பாக்க வேண்டியவன்!"

மெல்பா சிரித்தார். அப்படிப்பட்ட வேலைகளை அவர் நிறையப் பார்த்திருக்கிறார். திரும்பு வயர் எவ்வழியாக உள்ளே போகிறது என்று பார்ப்பதற்காக, டேஷ்போர்டுக்கு அடியில் தலையை நுழைத்து மல்லாந்து படுத்துக்கொண்டார். வயர்க் கத்தையின்மேல் பல ஆண்டு எண்ணெயும் தூசியும் தோலாகப் படிந்திருந்தன. கட்டைவிரலால் தேய்த்தார். அழுக்குக்கு அடியில் மஞ்சள் நூல் தெரிந்தது. இரண்டு விரற்கடை தள்ளி ஒரு முடிச்சு. மேலும் இரண்டு விரற்கடை தள்ளி இன்னொன்று. முடிச்சுகள் எல்லாம் ஒரே பக்கம் பார்த்து நின்றன.

மெல்பாவின் சிரிப்பு நின்றது.

அந்த ஊரில் வண்டி வயரை மெழுகுநூலால் கட்டிய கை ஒன்றே ஒன்றுதான். இப்போது அவருக்கு எல்லாம் வரிசையாக நினைவுக்கு வந்தது. 2005. வண்டி அப்போது பாசிப்பச்சை நிறம். முன்பக்கத் தகடும் வேறு. பல் மருத்துவர் வெள்ளைச் சட்டையோடு இதே வாசலில் நின்றுகொண்டிருந்தார். பழைய மோட்டார் எரிந்துபோய், லாடா மோட்டாரைக் கொண்டுவந்திருந்தார். முறையாகச் செய்வதென்றால் சுவிட்சைக் கரண்டு வரும் பக்கத்துக்கு மாற்ற வேண்டும். அதற்கு மோட்டாரைத் தாங்கும் தடித்த வயர் இரண்டு மீட்டர் வேண்டும். அந்த ஆண்டு மத்தன்சாஸில் தடித்த வயர் இரண்டு மீட்டர் எங்கும் கிடைக்கவில்லை. தொலைபேசி வயரோ நூல்போல மெல்லியது. ஆகையால் இருந்த வயர்களை இருந்தபடியே வைத்துக்கொண்டு, மோட்டாரை ரப்பர்மேல் உட்காரவைத்தார். வயர் கிடைத்ததும் வரச் சொன்னார். மருத்துவர் வரவில்லை, மெல்பாவும் மறந்துபோனார். மூடியில் எழுதும் வழக்கம் அப்போது இல்லை.

"என்னக்கா, உள்ளயே தூங்கிட்டீங்களா?"

"இல்ல. பாக்கறேன்."

"எந்த முட்டாள்னு எழுதி வெச்சிருக்கானா?"

"அந்தப் பத்து நம்பர் ஸ்பேனரை எடு," என்றார் மெல்பா.

வெளியே வந்து காப்பியை நின்றபடியே குடித்தார். செய்வதற்கு இரண்டு வழிகள் இருந்தன. புதிய ரப்பர் வாஷர் ஒன்றை வெட்டிப் போட்டால் பத்து நிமிடத்தில் வைப்பர் நின்றுவிடும். நாளைய சோதனைக்கு அது போதும். ஆனால் அந்த வாஷரும் அதே சூட்டில் இன்னொரு நாள் வெடிக்கும்.

"எவேலியோ, அந்த ஔரிக்கா வாஷிங் மெஷின் வயர் எங்க?"

"அது எதுக்கு? மோட்டார் கெடச்சா அந்த மெஷினை ஓட்டலாம்னு சொன்னியே!"

"எட்டு வருஷமா சொல்றேன். கொண்டா."

"துணி துவைக்கிறது நானு. அதனாலதான் உனக்கு அது அவசரமா தெரியல," என்று முணுமுணுத்துக்கொண்டே எவேலியோ வயரைக் கொண்டுவந்து கொடுத்தார்.

இரண்டரை மீட்டர் இருந்தது. மெல்பா முதலில் நோட்டுப் புத்தகத்தில் வரைந்துகொண்டார். வரையாமல் அவர் எந்த வயரையும் வெட்டுவதில்லை. ரப்பர்களை எடுத்து எறிந்தார். போல்ட்டின் இருப்பிடத்தைச் சுரண்டி, மோட்டாரைப் பாடியோடு இறுக்கினார். ஃபியூஸிலிருந்து புது வயரைச் சுவிட்சுக்குக் கொண்டுவந்து, சுவிட்சிலிருந்து மோட்டாருக்குக் கொண்டுபோனார். நிறுத்தினால் நடுவில் நின்றுவிடாமல் கீழே போய்ப் படுக்கும்படி, மோட்டாருக்குள் இருக்கும் சிறு தொடுமுனைக்கும் ஒரு வயர் கொடுத்தார். இரண்டு மணிக்குச் சொல்லிவைத்தாற்போல் மழை பிடித்துக்கொண்டது. எவேலியோ குடையோடு வந்து மனைவியின் முதுகுக்கு மேலே பிடித்துக்கொண்டு நின்றார். நனைந்தது எவேலியோவின் முதுகு.

"சாவி போடு."

வைப்பர்கள் அசையவில்லை. நிவால்தோவின் முகம் வெளிறியது.

"சுவிட்சைப் போடாம எப்படிடா ஓடும்? நீ பழக்கதோஷத்துல பாக்கற. சுவிட்சைப் போடு."

போட்டான், கண்ணாடியிலிருந்த மழையை வைப்பர்கள் இரு பக்கமும் வழித்துத் தள்ளின. அணைத்தான், கீழே போய்ப் படுத்தன. மீண்டும் போட்டான், மீண்டும் அணைத்தான். ஏழெட்டு முறை அப்படிச் செய்துவிட்டு, மழையிலேயே இறங்கி வந்து மெல்பாவின் இரு கன்னங்களிலும் முத்தமிட்டான்.

"ஆனா அக்கா, ரெம்பெர்த்தோ டேஷ்போர்டுக்கு அடியில டார்ச் அடிச்சுப் பாப்பான். பழைய வயர் யாரோடதுன்னு கேப்பானே."

"கேப்பாரு."

"நான் ஒண்ணு யோசிச்சு வெச்சிருக்கேன். அன்செல்மோ செஞ்சதுன்னு சொல்லிடுவோம். செத்தவன் எழுந்து வந்து இல்லைன்னு சொல்லவா போறான்? ரெம்பெர்த்தோவுக்கு அவர்மேல ரொம்ப மரியாதை. ஒரு வேளை விட்டுடுவான்."

மெல்பா பென்சிலை எடுத்து, பெட்டி மூடியின் உட்புறத்தில் எழுதினார்: '9-6-2014. வைப்பர் சுவிட்ச் நேர்முனைப் பக்கம் மாற்றப்பட்டது. மோட்டார் பாடியில். மெ. ஒக்கெந்தோ.' அதற்கு மேலே ஒரு வரி எழுத இடம் இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு மூடியைச் சாத்தினார்.

மறுநாள் காலை வானம் தெளிவாக இருந்தது. சோதனை நிலையத்தின் முன்னே பதினான்கு வண்டிகள் வரிசையில் நின்றன. கையெழுத்துப் போடுவதற்காக மெல்பாவும் நிவால்தோவோடு வந்திருந்தார். ரெம்பெர்த்தோ மெலிந்த, கறாரான மனிதர். வணக்கத்தைக்கூட அளந்துதான் சொல்லுவார். பிரேக், விளக்கு, ஹார்ன் என ஒவ்வொன்றாகத் தேறின. அவர் ஒரு பாட்டில் தண்ணீரைக் கண்ணாடிமேல் ஊற்றி, "போடு" என்றார். வைப்பர்கள் ஓடின. "அணை." படுத்தன. நிவால்தோ மூச்சு விட்டான்.

ரெம்பெர்த்தோ டார்ச்சை எடுத்துக்கொண்டு டேஷ்போர்டுக்கு அடியில் குனிந்தார். நெடுநேரம் எழவில்லை. எழுந்ததும் பெட்டி மூடியைத் திறந்து பென்சில் எழுத்தைப் படித்தார்.

"உள்ள ரெண்டு வேலை இருக்கு," என்றார். "தடிச்ச கறுப்பு வயர் நேத்து போட்டது. மெழுகுநூல் கட்டினது பழசு. நூல் கட்டு சுத்தமாத்தான் இருக்கு. ஆனா மோட்டாரைச் சுத்தி ரப்பர் வெச்சு ஒப்பேத்தின தடம் இருக்கு. பழைய வேலைக்குப் பொறுப்பு ஏத்துக்க ஆள் இருந்தா முத்திரை குத்துவேன். இல்லைன்னா மொத்த வயரையும் உருவிட்டு செப்டம்பர்ல வாங்க."

"தோழரே, அது வந்து... நம்ம அன்செல்மோ..." என்று தொடங்கினான் நிவால்தோ.

"அன்செல்மோ ரப்பர் வெச்சானா?" ரெம்பெர்த்தோவின் புருவம் ஏறியது. "நீ சும்மா இரு. உன்னைக் கேக்கல." அவர் மெல்பாவின் பக்கம் திரும்பினார். "தோழரே, உங்களைத்தான் கேக்கறேன். புது வேலை உங்களோடது, கையெழுத்து இருக்கு. பழைய வேலை யாரோடது?"

நிவால்தோ மெல்பாவைப் பார்த்துக் கண்ணைக் காட்டினான். வரிசையில் பின்னால் நின்ற ஓட்டுநர்கள் மூன்று பேர், அவர்களுள் இருவர் மெல்பாவிடம் பழுதுபார்க்க வண்டி விடுபவர்கள், கழுத்தை நீட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"அதுவும் என்னோடதுதான்," என்றார் மெல்பா.